கிளாஸ்கோவில் விட்டுவந்த லைசென்ஸ்

குடித்துவிட்டு ஓட்டுகிறோமா என்று பார்க்கப் பொலிஸ் நீட்டும் இயந்திரத்தில் ஊதும்போது இங்கிலாந்தில் முப்பத்தைந்து வரை விட்டுவிடுவார்கள். ஸ்கொட்லாந்தில் இருபத்திரண்டோடு சரி. என் மூச்சில் இருபத்தொன்பது வந்தது. அதாவது லண்டனில், மோர்டனில், என் வீட்டு வாசலில் வைத்துப் பிடித்திருந்தால் போய்வாருங்கள் என்று அனுப்பியிருப்பார்கள். நான் பிடிபட்டது கிளாஸ்கோவில்.

இதை எத்தனை பேரிடம் சொல்லிப் புலம்பினேன் என்று எனக்கே தெரியாது. சலூனில் முடி வெட்டுகிறவரிடம் சொன்னேன், கோயிலில் சுண்டல் வரிசையில் நின்றவரிடம் சொன்னேன். "அங்க போய் நிண்டுகொண்டு இஞ்சத்தைச் சட்டம் கதைக்கிறதுக்கு நீங்கள் என்ன ராசாவோ?" என்று மனைவி ஒருநாள் கேட்ட பிறகுதான் புலம்பலைக் குறைத்தேன்.

எனக்குத் தொழிலே வாகனம் ஓட்டுவதுதான். ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகளை ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் வேலை. பெரும்பாலும் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்கள். ஒவ்வொரு வானிலும் இரண்டு பேர் இருப்போம். வலப்பக்கத்தில் ஓட்டுநர். இடப்பக்கத்தில் உதவியாளர், அவர்தான் வீட்டு மணியை அடித்து, ஆளைக் கைபிடித்துக் கூட்டிவந்து, பெல்ட் போட்டுவிட்டு, அங்கே இறக்கி உள்ளே கொண்டுபோய் விடவேண்டும். பதினான்கு வருடமாக நான் வலப்பக்கத்து ஆள். மழையில் இறங்கி நடக்கிற வேலை என்னுடையதல்ல என்று ஒரு சின்னத் திமிரும் இருந்தது. லைசென்ஸ் போனால் அந்த இருக்கை போகும். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு தொழில் தெரியாது.

என் மச்சான், மனைவியின் தம்பி, கிளாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறான். அவனுடைய ஒரே மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. மாமியான என் மனைவி போகாமல் யார் ஆலத்தி எடுப்பது? மே மாதக் கடைசியில் திங்கட்கிழமை விடுமுறை வருகிறது என்று பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் எடுத்திருந்தான். சனிக்கிழமை காரில் போனோம். எல்லையில் 'ஸ்கொட்லாந்துக்கு நல்வரவு' என்ற பலகையைக் கண்டதும் காரை நிறுத்தச் சொல்லி மனைவி படம் எடுத்தாள். அந்தப் படத்தில் பலகையில் கை ஊன்றிச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். வேறொரு சட்டத்துக்குள் நுழைகிறோம் என்ற நினைப்பு அந்த முகத்தில் மருந்துக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஆண்கள் எல்லோரும் கராஜில் கூடினோம். விஸ்கிதான். எங்கள் ஆட்களிடம் இருக்கும் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாகவேண்டும். விருந்தாளியின் கிளாஸ் குறைந்திருப்பது வீட்டுக்காரனுக்கு மரியாதைக் குறைவு. பாதிக்குக் கீழே இறங்கியதும் வந்து நிரப்புவான். அவன் ஊற்றும்போது நாங்கள் கிளாஸைப் பார்ப்பதில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, பக்கத்தில் இருப்பவரோடு பிள்ளைகளின் யூனிவர்சிட்டியைப் பற்றிக் கதைத்துக்கொண்டே "போதும், போதும்" என்போம். கை மட்டும் கிளாஸை நீட்டிக்கொண்டிருக்கும். இப்படி நிரப்பியது எதுவும் கணக்கில் சேராது. முழுவதும் குடித்து முடித்துக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்தால்தான் அது இரண்டாவது. மனைவி கேட்டால் "ரெண்டே ரெண்டு" என்று சாமிப் படத்துக்கு முன்னால் நின்றும் சொல்லலாம். அன்று நான் குடித்ததும் அந்தக் கணக்கின்படி இரண்டுதான்.

திங்கட்கிழமை நன்றாகத் தூங்கி எழும்பி, பத்து மணிக்கு மேல் கிளம்புவதாகத்தான் திட்டம். ஆறரைக்கே மனைவி போர்வையை இழுத்தாள்.

"எழும்புங்கோ. ஏழரைக்கு ராகுகாலம் துவங்குது. அதுக்கு முதல் வெளிக்கிடவேணும்."

"ஒன்பது மணிக்கு அது முடியும்தானே. முடிய வெளிக்கிடுவம்."

"ஒன்பதுக்கு வெளிக்கிட்டு எப்ப போய்ச் சேருறது? நாளைக்கு விடிய உங்களுக்கு ஷிப்ட்."

நான் குளித்தேன், இடியப்பம் சாப்பிட்டேன், தலை தெளிவாகத்தான் இருந்தது. ஏழேகாலுக்குக் காரை எடுத்தோம். பிறகு ஒருநாள் கோபத்தில் பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன். ராகுகாலத்தைச் சூரிய உதயத்தை வைத்துத்தான் கணிக்கவேண்டும். மே மாதத்தில் கிளாஸ்கோவில் ஐந்து மணிக்கு முன்னமே வெளிச்சம் வந்துவிடும். அந்தக் கணக்கில் நாங்கள் காரில் ஏறும்போதே ராகுவும் ஏறிப் பின்சீட்டில் இருந்திருக்கிறான்.

பத்து நிமிடம் ஓட்டியிருப்பேன். பின்னால் பொலிஸ் கார் விளக்கைப் போட்டது. என் காரில் ஒரு பிரேக் லைட் எரியவில்லையாம். வேலைக்குப் போகும் வானைத் தினமும் காலையில் சுற்றிவந்து, எல்லா விளக்கையும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். சொந்தக் காரை ஒருநாளும் சுற்றிவந்ததில்லை. ஒரு ஆணும் பெண்ணுமாக இரண்டு பொலிஸார். அந்தப் பெண் ஜன்னலுக்குள் குனிந்தவள், லைட்டை மறந்துவிட்டு, கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்டாள். ஊதச் சொன்னாள். பிறகு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே பெரிய இயந்திரத்தில் இரண்டு தடவை ஊதவேண்டும். இரண்டில் குறைந்ததைத்தான் எடுப்பார்கள். இருபத்தொன்பது என்று வந்ததும் எனக்கு உயிர் வந்தது. முப்பத்தைந்து என்ற எண் எனக்கு மனப்பாடம்; எங்கள் கம்பெனிச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. "சரி, நான் போகலாம்தானே?" என்று ஜாக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கொஞ்சம் பரிதாபம்தான் இருந்தது. "சேர், இது ஸ்கொட்லாந்து" என்றாள்.

தமிழில் அச்சடித்த ஒரு தாளைத் தந்தார்கள். சட்டத்தரணியோடு கதைக்க எனக்கு உரிமை இருக்கிறது, மொழிபெயர்ப்பாளரைக் கேட்க உரிமை இருக்கிறது, வாயைத் திறக்காமல் இருக்க உரிமை இருக்கிறது. கடைசி உரிமையை நான் பாவிக்கவே இல்லை. லண்டனில் லிமிட் என்ன, என் பதினான்கு வருட அனுபவம் என்ன என்று மூச்சு விடாமல் கதைத்தேன். அவர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது மதியமாகிவிட்டது. வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, "என்னவாம்?" என்றாள். நான் சொன்ன பதிலை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

"எல்லாம் உம்மட ராகுகாலம். ஆறுதலாப் படுத்தெழும்பியிருந்தா ஒண்டும் நடந்திராது. இனி நீர்தான் உழைச்சு வீட்டைப் பாரும்."

அவள் முகம் சுருங்கிப்போனது. மச்சான் ஒரு சிநேகிதனின் காரில் வந்து எங்களைக் கூட்டிப்போனான். நீ ஏன் உன்ர டாக்ஸியில் வரவில்லை என்று கேட்டேன். "நானும் இண்டைக்கு ஓடேலாது அத்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டான். டாக்ஸிக்காரனுக்கு அந்த ஊர்ச் சட்டம் தெரிந்திருந்தது. தன் காரை எடுக்கவில்லை. நான் பத்து மணிக்குத்தான் கிளம்புவேன் என்று நினைத்துத் தூங்கியிருக்கிறான்.

ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, அடுத்த நாள் லண்டனுக்கு நானே ஓட்டிவந்தேன். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை லைசென்ஸ் என்னிடம்தான் இருக்கும், ஓட்டலாம் என்றார்கள். வேலைக்குப் போய் வானையும் ஓட்டினேன். யாருக்கும் சொல்லவில்லை. சட்டப்படி சரிதான். ஆனால் பின்னால் பொலிஸ் கார் ஒன்று வந்தாலே ஸ்டியரிங்கில் கை வழுக்கும் அளவுக்கு வியர்த்தது. பதினோராம் நாள் மனைவி, "இப்பிடி நடுங்கி நடுங்கி நோயாளியளை ஏத்தாதேங்கோ. போய்ச் சொல்லுங்கோ" என்றாள். அந்தப் பொலிஸ் நிலையத்து வாசலுக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் நீளமான கதை அதுதான்.

போய்ச் சொன்னேன். என் மேலாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "நான் வேறு ஆள் மூலம் கேள்விப்பட்டிருந்தால் இன்றே அனுப்பியிருப்பேன். வழக்கு முடியும்வரை ஓட்ட விடமுடியாது. உதவியாளருக்கு ஆள் பற்றாக்குறை. இடப்பக்கம் இருக்கச் சம்மதமா?" என்று கேட்டார். சம்மதம் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, திருப்பிச் சொல்லவேண்டியிருந்தது.

இதற்கிடையில் மச்சான் கிளாஸ்கோவில் ஒரு பெண் சட்டத்தரணியைப் பிடித்துத் தந்தான். அவர் வீடியோவில் எனக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். குற்றமில்லை என்று சொல்லி வழக்கை நடத்த எனக்கு உரிமை உண்டு. அப்போது அரசாங்கத் தரப்பு தனித்தனியான இரண்டு சாட்சியம் வைத்து நிரூபிக்கவேண்டும். அவர்களிடம் இரண்டு பொலிஸாரும் இருக்கிறார்கள், பரிசோதித்த இயந்திரமும் இருக்கிறது. ஜூரி கேட்க முடியாது. இந்த மாதிரி வழக்கை ஷெரிப் என்று அங்கே அழைக்கப்படும் நீதிபதி தனியாகவே விசாரிப்பார். குற்றம் என்று தீர்ந்தால் குறைந்தது பன்னிரண்டு மாதம் லைசென்ஸ் போகும்.

"வேறு வழியே இல்லையா?" என்று கேட்டேன்.

"ஒன்று இருக்கிறது" என்றார். "குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம், ஆனால் விசேஷ காரணம் இருந்தது என்று வாதாடலாம். உங்களுக்குத் தெரியாமல் யாராவது உங்கள் கிளாஸில் கூடுதலாக மதுவைக் கலந்திருந்தால், அதை நீங்கள் நிரூபித்தால், லைசென்ஸைப் பறிக்காமல் விட ஷெரிப்புக்கு அதிகாரம் உண்டு. எத்தனை கிளாஸ் குடித்தீர்கள்?"

"இரண்டு" என்றேன், ஒரு கணமும் யோசிக்காமல்.

அன்றைக்கே மச்சானுக்குத் தகவல் போனது. அவன் துள்ளிக்கொண்டு போனை எடுத்தான்.

"நான் வந்து சொல்லுறன் அத்தான். நீங்கள் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு இருக்கேக்க நான்தான் ஊத்தினனான் எண்டு சொல்லுறன். அது உண்மைதானே. ஒரு சொல்லும் பொய்யில்லை."

எனக்குப் பாரம் இறங்கியது. உண்மைதானே? அவன் ஊற்றினான், நான் பார்க்கவில்லை. விசாரணைக்கு நவம்பரில் நாள் குறித்தார்கள். அதுவரைக்கும் நான் இடப்பக்கத்தில் இருந்தேன்.

இடப்பக்கத்து வேலை நான் நினைத்ததுபோல் இல்லை. பதினான்கு வருடம் கண்ணாடியில் மட்டும் பார்த்த முகங்களை அருகில் பார்த்தேன். யாருக்கு எந்த முழங்கால் நோகிறது, யார் சுத்திகரிப்பு முடிந்து வரும்போது குளிர்கிறது என்று சொல்லாமல் நடுங்குவார்கள் என்பதெல்லாம் மூன்று வாரத்தில் தெரிந்துவிட்டது. ஓட்டுநர் கானா நாட்டுக்காரர், நல்ல மனிதர். ஆனால் மஞ்சள் விளக்கில் அவர் அவசரப்படும்போதெல்லாம் என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும்.

லண்டனிலேயே ஸ்ட்ரெதம் பகுதியில் ஒரு அக்காவை ஏற்றவேண்டும். எங்கள் ஊர் ஆள், அறுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். முன்பு கவுன்சிலில் வரி கட்டாதவர்களுக்குக் கடிதம் அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தவர். அந்தக் கறார் இன்னும் போகவில்லை. முதல் நாள் நான் கை கொடுத்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர்தானே தம்பி ஸ்கொட்லாந்தில பிடிபட்ட ஆள்?"

எனக்குச் சுரீரென்றது. "ஓம் அக்கா" என்றேன்.

"அப்ப இப்ப குடிக்கிறேல்லையோ?"

"இல்லை அக்கா."

"நல்லது. என்னைக் கீழ விழுத்தாமக் கொண்டுபோம்."

அவ்வளவுதான். ஊரெல்லாம் எனக்குப் பின்னால் குசுகுசுத்துக்கொண்டிருந்த விஷயத்தை ஒரு ஆள் முகத்துக்கு நேரே கேட்டு முடித்துவிட்டார். அன்று முழுக்க எனக்கு மனம் லேசாக இருந்தது.

சிறுநீரகம் பழுதானவர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளவு இருக்கிறது. தண்ணீர், தேநீர், குழம்பு எல்லாம் அதில் அடங்கும். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் முதலில் நிறை பார்ப்பார்கள். உடம்பில் தேங்கிய தண்ணீர் அப்படியே தராசில் தெரியும். ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை அக்காவுக்கு நிறை கூடிவிட்டது. நேர்ஸ் என்ன குடித்தீர்கள் என்று கேட்க, "அரைக் கோப்பைத் தேத்தண்ணி" என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார். நானும் தலையாட்டினேன். நேர்ஸ் தராசைக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அரைக் கோப்பைதான் தம்பி. ஆனா அரைக் கோப்பை முடியிறதுக்கு முதல் திருப்பி அரைக் கோப்பைக்கு ஊத்திப்போடுவன். ரீவியைப் பாத்துக்கொண்டு ஊத்தினா எவ்வளவு எண்டு தெரியாது. தெரியக்கூடாது எண்டுதானே ரீவியைப் பாக்கிறது." சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். வானுக்குத் திரும்பி இடப்பக்க இருக்கையில் ஏறிய பிறகுதான் சிரிப்பு அடங்கியது. மச்சான் ஊற்றினான், நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? தெரியக்கூடாது என்றுதான் பார்க்கவில்லை. என் கை நீட்டிக்கொண்டேயிருந்தது. கிளாஸ் கனத்தது கைக்குத் தெரியாதா? பல மாதமாக நான் உண்மை என்று பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் லைசென்ஸ் ஆசை விடவில்லை. அன்று மாலை மச்சானுக்குப் போன் எடுக்கவேண்டும் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. நவம்பர் வந்தது.

ரயிலில் போனோம், நானும் மனைவியும். நீதிமன்ற நடைபாதையில் மச்சான் கோட்டு சூட்டோடு நின்றான். கலியாணத்துக்கு வந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி டை கட்டியிருந்தான். ஆனால் முகம் சரியில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், தமிழ்நாட்டுப் பெண். எனக்கு ஆங்கிலம் போதும்தான், ஆனால் உரிமை இருக்கிறது, பாவியுங்கள் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

சட்டத்தரணி வழக்குக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் கடைசியாகக் கேட்டார். "உள்ளே போனால் உங்களிடமும் கேட்பார்கள், இவரிடமும் கேட்பார்கள். சத்தியம் செய்துவிட்டுத்தான் பதில் சொல்லவேண்டும். இவர் டாக்ஸி ஓட்டுபவர் என்பதையும் மறக்கவேண்டாம். ஒரு ஓட்டுநருக்குத் தெரியாமல் மது கொடுத்தேன் என்று நீதிமன்றத்தில் சொல்வது இவருடைய லைசென்ஸுக்கு நல்லதல்ல. உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதா?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் டையைப் பிடித்துத் தடவிக்கொண்டு நின்றான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், அதே டாக்ஸிதான் எல்லாம். என் இருக்கையைக் காப்பாற்ற அவன் இருக்கையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது.

"தெரியும்" என்றேன். "தெரியாமல் இருக்கவேண்டும் என்று மற்றப் பக்கம் பார்த்தேன். அது எங்கள் வழக்கம்."

சட்டத்தரணி வழக்குக் கோப்பை மூடினார். "அப்படியென்றால் அது தெரியாமல் நடந்தது அல்ல" என்றார்.

உள்ளே நான் விசேஷ காரணம் எதுவும் சொல்லாததால் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. வெள்ளை விக் வைத்த ஷெரிப் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் மெதுவாக, "பன்னெண்டு மாசம் வண்டி ஓட்டக்கூடாது, அபராதமும் கட்டணும். ஒரு பயிற்சி வகுப்பு இருக்கு, அதை முடிச்சீங்கன்னா மூணு மாசம் குறைப்பாங்க. சம்மதமான்னு கேக்கறார்" என்றாள். சம்மதம் என்றேன். மேலாளரிடம் சொன்ன அதே சொல்; இந்த முறை திருப்பிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. லைசென்ஸை எடுத்து எழுதுவினைஞரின் மேசையில் வைத்தேன். சட்டம் எல்லையில் மாறியது, தண்டனைக்கு மட்டும் எல்லை இல்லை. அந்த நிமிடத்திலிருந்து மோர்டனிலும் நான் ஓட்டமுடியாது.

வெளியே படிக்கட்டில் மச்சான் தொப்பென்று இருந்துவிட்டான்.

"உள்ளுக்க கூப்பிட்டிருந்தாச் சொல்லியிருப்பன் அத்தான். சத்தியமாச் சொல்லியிருப்பன். ஆனா ஒரு மாசமா எனக்கு நித்திரை இல்லை."

"தெரியும்டா."

"நான் ஊத்தாம விட்டிருந்தா..."

"நான் நீட்டாம விட்டிருந்தா."

அவன் டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு அழுதான். நானும் பக்கத்தில் இருந்தேன். லைசென்ஸ் போன மனிதனுக்கு இருக்கவேண்டிய துக்கம் எனக்கு வரவில்லை. எனக்குப் பசித்தது. மூன்று பேரும் போய்க் கொத்துரொட்டி சாப்பிட்டோம்.

திரும்பும் ரயிலில் மனைவியிடம் சொன்னேன். "அண்டைக்குப் பொலிஸ் ஸ்ரேசன் வாசல்ல நான் உமக்குச் சொன்னது பெரிய பிழை."

ஆறு மாதம் காத்திருந்ததுபோல் அவள் உடனே திரும்பினாள். "பிழைதான். ஆனா நானும் உங்களை எழுப்பினது பிழை எண்டு எனக்குள்ள அரிச்சுக்கொண்டுதான் இருந்தது."

"நீர் எழுப்பினீர். குடிச்சது நான்."

"பிரேக் லைட்டையும் பாத்திருக்கலாம்" என்றாள். பிறகு என் தோளில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். அதுவரை எனக்கு அவ்வளவு சந்தோஷமான ரயில் பயணம் வாய்த்ததில்லை.

லண்டனுக்கு வந்து அந்த வகுப்புக்குப் போனேன். ஒரு பல் டாக்டர், ஒரு பேக்கரிக்காரர், பேரப்பிள்ளைகள் உள்ள ஒரு பெண், இன்னும் சிலர். எல்லோரும் முதல் நாள் இங்கே தவறுதலாக வந்துவிட்டவர்கள் போல முகத்தை வைத்திருந்தோம். நடத்தியவர் வெறும் கிளாஸ்களையும் ஒரு ஜக் தண்ணீரையும் வைத்து, வழக்கமாக வீட்டில் ஊற்றுவதுபோல் ஊற்றச் சொன்னார். நான் ஊற்றினேன், கண்ணைத் திறந்துகொண்டு. மூன்று மாதம் குறைந்தது.

ஓகஸ்டில் லைசென்ஸ் தபாலில் வந்தது. மனைவி கவரைப் பிரிக்காமல் என்னிடம் தந்தாள். படத்தில் அதே முகம்தான், கொஞ்சம் நரைத்திருந்தது. அன்றே மேலாளரிடம் போனேன். அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, பேனாவை உருட்டினார். கம்பெனியின் இன்சூரன்ஸ்காரர்கள் இப்படித் தண்டனை பெற்றவரை இன்னும் சில வருடம் வானை ஓட்ட அனுமதிக்க மாட்டார்கள். சொந்தக் காரை ஓட்டலாம். அந்தக் காலம் முடிந்ததும் வலப்பக்கம் எனக்குத் திரும்பக் கிடைக்கும், அதை எழுதித் தருகிறேன் என்றார். அதுவரை இடப்பக்கம்தான்.

முகம் தொங்கத்தான் செய்தது. ஆனால் நான் பயந்திருந்த அளவுக்குத் தொங்கவில்லை.

அடுத்த நாள் ஸ்ட்ரெதமில் அக்காவின் மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் வழக்கம்போல் கையை நீட்டவில்லை. கைத்தடியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"லைசென்ஸ் வந்திட்டுதாமே."

இந்த ஊரில் கடிதம் என் வீட்டுக்கு வருமுன் செய்தி ஸ்ட்ரெதமுக்கு வந்துவிடும். "ஓம் அக்கா, வந்திட்டுது" என்றேன்.

"ஒன்பது மாசம் எண்டு நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தனான்." குரல் வழக்கமான கறாரில் இல்லை. "அப்ப நீர் இனி அந்தப் பக்கம் போயிடுவீர். எனக்கு ஆர் கை தாறது? முந்தி வந்த பெடியன் என்னைச் சாக்கு மூட்டை மாதிரி இழுப்பான்."

உங்களை விட்டுப் போக மனமில்லை, அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அக்கா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

"நான் போகத்தான் கேட்டனான் அக்கா" என்றேன். "இன்சூரன்ஸ்காரன் விடமாட்டானாம். இன்னும் சில வருசம் இந்தப் பக்கம்தான்."

அக்கா கைத்தடியை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு, என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"அந்த இன்சூரன்ஸ்காரன்," என்றார், "பிள்ளை குட்டியோட நல்லா இருக்கவேணும்."